ஈப்போவிலுள்ள மகளுக்கு, சோலைவரி விஷயமாக

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
1938ம் வருடம், ஆவணி மாதம்.

என் பாசத்துக்குரிய மகள் பிறிஜெற்றுக்கு, கொழும்பிலிருந்து உன் அப்பா ஹியூபேட் எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்காலையும் என் கடைவாய்ப் பல்லையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் பூரண சுகம். சேர்த்தாலும், மாதாவின் புண்ணியத்தில் பாதிக்கு மேல் சுகம்தான். அங்கே நீயும், மருமகன் கொன்ஸ்ரன்ரைனும், இன்னும் பெயர் வைக்கப்படாத அந்த மூன்றாவது ஆளும் இதைவிட நல்ல சுகத்தோடு இருக்கவேண்டுமென்று காலைப் பூசையில் நானும் மாலைச் செபமாலையில் அம்மாவும் முறைபோட்டு மன்றாடுகிறோம்.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்க வரி விஷயமாக எழுதப்படுவது. வேறு எந்த நோக்கமும் இதற்கு இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பிள்ளை தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை என்று போன கடிதத்திலும் அதற்கு முந்திய கடிதத்திலும் எழுதியாகிவிட்டது. ஒன்றை மூன்றாந்தரமும் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. நீ பதிலில், "பார்ப்போம் அப்பா" என்று எழுதியிருந்தாய். அந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். தூரத்தில் பிடித்தால் "வருகிறேன்" போலவும், கிட்டப் பிடித்தால் "வரமாட்டேன்" போலவும் தெரிகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதிலை என்ன விளக்கம் வேணும்? பிள்ளை பாப்பம் எண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அரிசியில் ஒரு கல்லுமில்லை. இருந்தும் வெகுநேரம் புடைத்தாள்.

சரி, வரிக்கு வருகிறேன்.

உன் அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு விடைகொடுத்தவன் என்பது உனக்குத் தெரியும். படிப்பும் "இரு, போகாதே" என்று என்னைத் தடுக்கவில்லை. அரை ஆயுளைத் துறைமுகப் பண்டகசாலையில் தேயிலைப் பெட்டி எண்ணிக் கழித்ததால் எண்ணுவது எனக்கு வரும். விளங்குவதுதான் கொஞ்சம் பிந்தி வரும். வரி என்றால் நான் விளங்கிவைத்திருந்தது இவ்வளவுதான்: நம்மிடம் இருப்பதை அரசாங்கம் எடுக்கும், எடுத்ததைக் கொண்டு தேசாதிபதியின் குதிரைகளுக்குக் கொள்ளு வாங்கும். வருமான வரி என்று ஒன்று சில வருடங்களுக்கு முன் வந்ததே, அது நம்முடைய சின்னத்தெரு ஒழுங்கையைக் கண்டும் காணாமல் போய்விட்டது. பெரிய வருமானம் உள்ளவர்களிடம்தான் அது போகுமாம். அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு சின்ன அவமானம். கூப்பிடாத கலியாணத்துக்குப் போக விருப்பமில்லைதான். ஆனால் கூப்பிட்டிருக்கலாமே என்று இருந்தது. வீட்டு வரியும் நமக்குப் பழக்கமில்லை. வாடகைக்கு இருந்த காலமெல்லாம் வீட்டுக்காரர் கட்டினார். நீ கப்பலேறிப் போன பிறகு, வேலையை விட்டபோது கொம்பனி தந்த காசில் இந்த வீட்டையே நான் வாங்கிவிட்டேனே, அன்றிலிருந்து நான்தான் வீட்டுக்காரர் என்பது எனக்கே சில நாட்களில் மறந்துபோகும். வாடகைக்காரன் புத்தி அவ்வளவு சுலபத்தில் விடாது. சுவரில் ஆணி அடிக்க இப்பவும் கை கூசுகிறது.

ஆனால் பின்பக்கத்தில் கோழிக்கூடு இருந்த இடத்தில் புது அறை ஒன்று போட்டேன். அதைப்பற்றி எழுதியிருந்தேன், நீ பதிலில் அதைத் தொடவில்லை. தபாலில் அந்தப் பக்கம் நனைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகையால் மீண்டும் எழுதுகிறேன். சிவப்புச் சீமெந்து நிலம், தேங்காய்ச் சிரட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருக்கிறேன். மேற்குப் பார்த்த யன்னல், கடற்காற்று நேரே வரும். கூரை வளைமரத்தில் இரும்புக் கொக்கி ஒன்று. அது எதற்கு என்று நான் சொல்லமாட்டேன். கொக்கியில் எதையும் தொங்கவிடலாம். குடைகூடத் தொங்கவிடலாம். குடைக்கென்றால் அவ்வளவு பலமான கொக்கி எதற்கு என்று கேட்பாய். அது வேறு கதை.

இப்படி இருக்கையில் ஒரு காலையில், சந்தியில் கடை வைத்திருக்கும் ஷரீப் நானா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஹியூபேட் அண்ணே, முனிசிப்பல்லேருந்து ஆள் வந்தீக்கிறாரு. வீடு வீடாப் பாத்து எழுதிட்டு வாறாரு. சோலைவரியக் கூட்டப் போறாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு, கடையில் ஆளில்லை என்று அதே ஓட்டத்தில் திரும்பிப் போய்விட்டார்.

மகளே, அந்தச் சொல்லை நீயும் ஒருமுறை சொல்லிப் பார். சோலைவரி. சோலைக்கு வரி. கேட்ட யாருக்கும் அதுதானே தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. இத்தனை காலம் வீட்டுக்காரர் நம் வளவில் ஒரு பூமரம்கூட வைக்காததற்குக் காரணம் இதுதான் என்று ஒரு நொடியில் பளிச்சென்று விளங்கியது. விளங்கிய சந்தோஷத்தில் அம்மாவைக்கூடக் கேட்கவில்லை. அம்மா வைத்திருந்த குரோட்டன், ரோசா, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சாடியோடு தூக்கித் தூக்கி ஷரீப் நானாவின் கடை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். "என்னத்துக்கு அண்ணே?" என்று கேட்டார். நான் கண்ணைச் சிமிட்டினேன். நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். பிறகுதான் சொன்னார்.

சாடிகளைத் தூக்கலாம், ஜம்பு மரத்தைத் தூக்க முடியுமா? நீ ஏறியிருந்து பாடம் படித்த மரம், வெட்டவும் மனம் வராது. ஆகவே அதற்கு உடுப்புப் போட்டேன். வீட்டிலிருந்த படுக்கை விரிப்பு, அம்மாவின் சேலைகள், என் காற்சட்டைகள், யன்னல் சீலை, பழைய நுளம்புவலை எல்லாவற்றையும் நனைத்து மரத்தைச் சுற்றிக் காயப்போட்டேன். அம்மா கோயிலால் வந்து படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இஞ்சாருங்கோ, என்ரை கூறைச்சேலை ஏன் மரத்திலை நிக்குது?" என்றாள். விளக்கம் சொல்ல நேரமிருக்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே அந்த மனுசன் வந்துவிட்டார்.

நல்ல வெள்ளை உடுப்பு, கக்கத்தில் புத்தகம், தலையில் சோலாத் தொப்பி. சோலைவரிக்காரர் சோலாத் தொப்பியில் வந்திருக்கிறார் என்றதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. சிங்களவர், தங்கமான மனுசன், தமிழும் பாதி கதைப்பார். மரத்தைப் பார்த்து, "மே மொகத்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"உடுப்புத் துவைச்சது, மாத்தயா" என்றேன்.

"இவ்வளவு உடுப்பா? வீட்டில எத்தினை பேர்?"

"நானும் மனுசியும்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து நுளம்புவலைக்குள்ளிருந்து ஒரு ஜம்புப் பழம் கழன்று அவருடைய தொப்பியில் விழுந்து, தோளில் தட்டி, என் காலடியில் வந்து நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்து ஒரு கடி கடித்தார். "உங்கட உடுப்பு நல்லாப் பழுத்திருக்கு" என்றார்.

என் உயிர் போய்விட்டது. ஆனால் அவர் மரத்தைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. நேரே வீட்டுக்குள் போனார். ஆபத்து நீங்கியது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஆபத்து நீங்கினால் மனுசனுக்கு வாய் நீளும். "வாங்கோ மாத்தயா, புது அறை பாருங்கோ" என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நிலத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். யன்னலைத் திறந்து காற்று வாங்கச் சொன்னேன். கொக்கியைக்கூடப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதினார். இவ்வளவு கவனமாக யாரும் அந்த அறையைப் பார்த்ததில்லை, மகளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது யாருக்கு?"

"மகளுக்கு."

"மகள் எங்க?"

"ஈப்போவிலை, மாத்தயா. மலாயா. மருமகன் றெயில்வேயிலை கிளாக்கர்."

"அப்ப இங்க யாரு இருக்கிறது?"

"மகள்தான்."

அவர் பேனையை நிறுத்தினார். "மகள் எப்ப வாறது?"

எனக்கு வேறு சொல் வரவில்லை. "பார்ப்போம்" என்றேன்.

அவர் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினார். பிறகு, "வாடகைக்குக் குடுத்தா இந்த அறைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். ஆறுதலுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். "மாத்தயா, இப்படி ஒரு அறை கொள்ளுப்பிட்டியிலைகூடக் கிடையாது! சுங்கத்துக் கிளாக்கர்மார் வரிசையிலை நிண்டு கேப்பினம்!" என்று சொல்லி, வாய்க்கு வந்த ஒரு பெரிய தொகையையும் சொன்னேன். வாசலில் நின்ற அம்மா இருமினாள். மீண்டும் இருமினாள். "கொத்தமல்லி அவிச்சுக் குடியும்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, நான் சொன்ன தொகைக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போனார். நான் வெற்றிவீரன் போலச் சாடிகளை எடுக்கப் போனேன். குரோட்டனும் ரோசாவும் சுகம். கறிவேப்பிலை மட்டும் வெறும் தடியாக நின்றது. கடைக்குக் கறிச்சாமான் வாங்க வந்த பெண்கள், நானா புதிதாக இனாம் வைத்திருக்கிறார் என்று ஆளுக்கொரு நெட்டு ஒடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா அதோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. என்னோடு அல்ல, தடியோடு. என்னோடு நாலு நாள்.

பிறகு வரி அறிவித்தல் வந்தது. பழைய வீட்டுக்காரர் கட்டியதைவிட வரி ஏறியிருந்தது. ஏறியதென்றால், படி வைத்து ஏறவில்லை, ஏணி வைத்து ஏறியிருந்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு முனிசிப்பல் கந்தோருக்குப் போனேன். அங்கே மேசையில் ஒரு தமிழ்ப் பெடியன் கிளாக்கர் இருந்தார். "தம்பி, என்ரை வளவிலை ஒரேயொரு ஜம்பு மரம் நிக்குது. இந்த வருசம் காய்ப்பும் குறைவு. இதுக்கு இவ்வளவு சோலைவரியோ?" என்று கேட்டேன்.

"ஜம்பு மரமோ?" என்றார்.

"ஓம். ஒளிக்காமல் சொல்லுறன், ஒரு கறிவேப்பிலையும் இருந்தது. ஆனால் அதிலை இப்ப இலை இல்லை."

அவர் பேனையை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரை, "மச்சான், கொஞ்சம் இஞ்சை வா" என்று கூப்பிட்டார். "ஐயா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார். நானும் மரியாதைக்காக இன்னொருமுறை சொன்னேன். அதற்கடுத்த மேசைக்காரருக்காகவும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு எனக்குக் கதிரை தந்தார்கள். நல்ல பிள்ளைகள். "ஐயா, பேர்தான் சோலை. அதுக்கும் மரஞ்செடிக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. வீட்டுக்கும் வளவுக்கும் போடுற வரி. அந்த வீடு வாடகைக்குப் போனால் வருசத்துக்கு எவ்வளவு பெறும் எண்டு மதிச்சு, அதிலை நூற்றுக்கு இவ்வளவு எண்டு எடுக்கிறது. கூட வாடகை பெறுமெண்டால் கூட வரி. ஆரோ நல்ல வாடகை சொல்லியிருக்கினம்" என்றார் கிளாக்கர்.

ஆரோ!

அதாவது மகளே, நான் மறைத்திருக்கவேண்டியது அறையை, காட்டியிருக்கவேண்டியது மரத்தை. கூறைச்சேலையை அறைக்குமேல் போட்டிருந்தால் தப்பியிருப்போம்.

எனக்குக் கோபம் வந்தது. என்மேல் கோபப்பட்டால் நான் தாங்கமாட்டேன் என்பதால் அதை முனிசிப்பல்மேல் திருப்பினேன். "சரி தம்பி, இந்தக் காசையெல்லாம் எடுத்து என்ன செய்யிறியள்?" என்றேன். பெடியன் கோபிக்கவில்லை. "வீட்டுக்குப் போற வழியிலை பாத்துக்கொண்டு போங்கோ ஐயா" என்றார்.

ஆகையால் டிராம் ஏறாமல் நடந்தேன். பார்த்துக்கொண்டு நடந்தேன். இவ்வளவு காலமும் கால்தான் அந்த வழியால் போயிருக்கிறது, கண் போகவில்லை. தெருமுனைக் குழாயில் ஒரு பெண்பிள்ளை குடம் வைத்திருந்தாள். அந்தத் தண்ணீர் லபுகம மலைக்குளத்திலிருந்து குழாய்க்குள்ளேயே நடந்து கொட்டாஞ்சேனை வரை வருகிறதாம். கான் வெட்டியிருந்தது, அழுக்குத் தண்ணீர் ஒழுங்காக ஓடியது. குப்பை வண்டில் மாடு என்னைப் பார்த்துத் தலையாட்டியது. அதுவும் என் காசில் வைக்கோல் தின்கிற மாடுதானே, நானும் தலையாட்டினேன். நம்முடைய ஒழுங்கைக்கு வர, லாம்பு கொளுத்துகிறவன் நீட்டுத் தடியோடு வந்து நம் வீட்டு மதிலோரத்துக் காஸ் லாம்பைக் கொளுத்தினான். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். மதிலுக்கு மேலால் வந்து, ஜம்பு இலைக்குள்ளால் நுழைந்து, புது அறை யன்னலால் இறங்கி, சிவப்பு நிலத்தில் ஒரு பாய் விரித்த அளவுக்குக் கிடக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு அறையில் விளக்கே வேண்டாம். நான் வெளியே ஓடிப்போய், "தம்பி, கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுவிடு, இது என்ரை லாம்பு" என்றேன். "இந்த வரிசையிலை எல்லா வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த லாம்புக்குப் போய்விட்டான்.

இந்தப் புதினத்தை ஷரீப் நானாவிடம் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "அது முனிசிப்பல் வரி அண்ணே. அரசாங்கத்துக்கும் நீங்க கட்டுறீங்க, தெரியுமா?" என்றார். அது எனக்கு வராத வரி என்றேன். "யார் செல்லின? இந்தா இந்த நெருப்புப் பெட்டி, இதுல வரி ஈக்கிது. இந்தச் சீனியில ஈக்கிது. உங்கட குடையில, சுருட்டில, மதினிட சீத்தத் துணியில எல்லாத்திலயும் ஈக்கிது. கப்பல்ல வாற சாமானுக்குச் சுங்கத்துல வரி கட்டித்தானே எறக்குறாங்க, அத வெலையில போட்டு எனக்கு விக்கிறாங்க, நான் உங்களுக்கு விக்கிறேன். நீங்க கட்டுறது உங்களுக்கே தெரியாது, அதான் அதுட அழகு. மாசக் கடைசில கொப்பியில எழுதச் செல்லி வாங்குறீங்களே, அப்ப வரியையும் கடனுக்குத்தான் கட்டுறீங்க!"

"அந்தக் காசு?"

"ரெயில் ரோட்டு, ஆஸ்பத்திரி, இஸ்கூல், பொலிஸ், துறைமுகம், எல்லாம் அதுலதான் நடக்குது. தேசாதிபதிட குதிரைக்கும் கொஞ்சம் போகும், அது போகட்டும்."

துறைமுகம் என்று அவர் சொன்னது மட்டும் காதில் நின்றுவிட்டது. பொழுதுபட நான் துறைமுகப் பக்கம் போய் நிற்பதுண்டு. அம்மா கேட்டால் கடற்காற்று பல்லுக்கு நல்லதென்று சொல்வேன். அன்றைக்கும் போனேன். பினாங்குக் கப்பல் ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. அலைதாங்கி மதில் முனையைச் சுற்றி அது திரும்பும்போது, நீ போன அன்றைக்கு உன் கப்பல் அதே இடத்தில் திரும்பியதும், நீ அசைத்துக்கொண்டிருந்த கைலேஞ்சி அதோடு மறைந்ததும் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த மதிலில் என் கல்லும் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் பற்றவைத்த ஒவ்வொரு சுருட்டுக்கும், உன் சின்ன வயதில் வாங்கித்தந்த ஒவ்வொரு சீனிப் பொட்டலத்துக்கும் எனக்குத் தெரியாமலே ஒரு துளி கட்டியிருக்கிறேன். அவர்கள் அந்தத் துளிகளைச் சேர்த்து, கப்பல் வர ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த வாசலால்தான் நீ போனாய். நீ போவதற்கு நானே காசு கட்டியிருக்கிறேன், பிறிஜெற். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வாசல் என்றால் போகத்தான் வைப்பார்களா? வரவும்தானே? கட்டியவன் கேட்கக்கூடாதா?

துயரமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. பல்வலியில் எழுத்து அப்படி விழுகிறது.

வரியை முழுக்கக் கட்டினேன். அபீல் எழுதலாம் என்று அந்தப் பெடியன் சொன்னார், வேண்டாமென்றேன். அறை அவ்வளவு பெறாது என்று நானே எழுதிக்கொடுப்பதா? அதற்குப் பதிலாக, கட்டிய காசுக்கு வேறு என்னவெல்லாம் கிடைக்கும் என்று விசாரித்தேன். முனிசிப்பல் மருத்துவிச்சி வீட்டுக்கே வருவாவாம், காசு வாங்கமாட்டாவாம் என்று தெரியவந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே சொல்லியனுப்பினேன். நேசமலர் என்று பெயர், வெள்ளைச் சேலை, கையில் தோல் பை, நடை பொலிஸ் நடை. கொட்டாஞ்சேனையில் பாதிப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டவ என்று சொல்கிறார்கள். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "பிள்ளைத்தாச்சி எங்கை?" என்றா.

"ஈப்போவிலை" என்றேன்.

"எங்கை?"

"மலாயாவிலை, மிஸ்ஸி."

"அப்ப என்னை ஏன் ஐயா கூப்பிட்டனீங்கள்?"

"அறையைப் பாக்க."

அவ கழுவிய கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ் போதாது. "நான் பிள்ளைப்பெறு பாக்கிற மனுசி, அறை பாக்கிற மேசனில்லை!" என்றா. ஆனாலும் உள்ளே போய்ப் பார்த்தா. யன்னலை மூடித் திறந்தா. நிலத்தைக் காலால் தேய்த்தா. கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் மெதுவான குரலில், "நல்ல அறைதான் ஐயா" என்றா. "எத்தினை மாசம் இப்ப மகளுக்கு?" என்று கேட்டா. நான் சொன்னேன். அவ நேரே குசினிக்குப் போய் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தா. தேத்தண்ணி குடித்தா. என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெண்கள் குசினியில் குரலைத் தாழ்த்தினால் அது ஆண்களுக்கு உரியதல்ல.

ஆகவே மகளே, இப்போது கணக்கைப் பார். தண்ணீருக்குக் கட்டியாகிவிட்டது, உன் பிள்ளை குளிக்கலாம். கானுக்குக் கட்டியாகிவிட்டது, குளித்த தண்ணீர் ஓடலாம். லாம்புக்குக் கட்டியாகிவிட்டது, நீ எழும்பிப் பால் கொடுக்கலாம். மருத்துவிச்சிக்கும் கட்டியாகிவிட்டது, அறையைத் தன் கண்ணால் பார்த்தும் விட்டா. எல்லாம் ஆயத்தம். வராமலிருப்பது நீ மட்டும்தான். ஒரு ஆள் இருக்கிறாரென்று சொல்லி வரி கட்டிய அறை இது. ஆள் இல்லாமல் இருந்தால் அது முனிசிப்பலுக்கு நான் பொய் சொன்னதாகாதா? பொய்க்கு மோட்சம் கிடைக்காதென்று உன் கொன்வென்ற் மதர்மாரே சொல்லித் தந்திருக்கிறார்கள். மருமகனிடம் இதை விளக்கிச் சொல். அங்கே ஆஸ்பத்திரி திறமென்று அவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், அதற்கு அங்குள்ளவர்கள் வரி கட்டியிருப்பார்கள். நாங்கள் இங்கே கட்டியிருக்கிறோம். கட்டியதை அனுபவிக்கவேண்டும். உன்னைக் காண ஆசையாக இருக்கிறது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. சிக்கனத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

ஷரீப் நானாவும் அவர் வீட்டார் ஜவாஹிறாவும் உன்னை மிகவும் கேட்டார்கள். பிள்ளைக்கென்று ஜவாஹிறா தைத்த இரண்டு சட்டைகள் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன. பையனுக்கும் பொருந்தும், பெட்டைக்கும் பொருந்தும் என்று சொன்னா. எனக்குப் பொருந்தாது என்பதுமட்டும் நிச்சயம். புனித லூசியம்மாள் உன் கண்ணையும், மாதா உன் வயிற்றையும், அர்ச். சூசையப்பர் மருமகனின் உத்தியோகத்தையும் காப்பாற்றுவார்களாக. உங்கள் இருவருக்கும், மூன்றாமவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்மேல் மாறாத பட்சமுள்ள அப்பா,
ச. ஹியூபேட்.

பி.கு. — மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீ வரவேண்டாம்.

உறையில் போடுமுன், ஏதாவது சேர்க்கவேண்டுமா என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மெத்தப் படிச்ச ஆள்! அந்த மிஸ்ஸி என்ன சொன்னவ எண்டு தெரியுமே? இந்த மாசத்திலை அவளைக் கப்பலிலை ஏத்துறது கொலைக்குச் சமன் எண்டவ. நீங்கள் அவளுக்கு லாம்பு காட்டப் போறியளோ? பிள்ளை வரக்கூடாது. நான் போறன்." பேர வாவியில் வள்ளமேறக் கூப்பிட்டபோது செபமாலையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற உன் அம்மா மெற்றில்டா சொல்கிறாள், மகளே. நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவள் காரியம் பார்த்திருக்கிறாள். புது அறையைச் சுங்கத்து யாழ்ப்பாணக் கிளாக்கர் ஒருவருக்கு வாடகைக்குப் பேசி, அச்சாரமும் வாங்கிவிட்டாள். வரி மதிக்க வந்த அசெசர் மாத்தயா எழுதிய தொகையையே கேட்டாளாம், அந்த ஆள் மறுக்கவில்லையாம். அந்தக் காசு ஒரு கப்பல் சீட்டுக்குத்தான் காணும். இரண்டுக்குக் காணாது. அதுதான் நியாயமும், பிள்ளைப்பெறு வீட்டில் நான் சுவரில் சாய்ந்து நிற்க மட்டும்தான் உதவுவேன்.

அடுத்த மாதக் கப்பலில் வருகிறாள். கொன்ஸ்ரன்ரைனைப் பினாங்குக்கு அனுப்பு, தனியே விடாதே. கறிவேப்பிலைத் தடியில் இரண்டு துளிர் விட்டிருக்கிறது, அதையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவேன் என்று நிற்கிறாள்; அங்கே சுங்கத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது. பிள்ளை யாரைப்போல என்று எனக்கு உடனே எழுது. என்னைப்போல என்றாலும் பயப்படாமல் எழுது.

இன்றைக்கு வரிக் கந்தோருக்குப் போய் அந்தப் பெடியனிடம் கேட்டேன்: "தம்பி, முந்தி மகள் போயிட்டா, இப்ப மனுசியும் போறா. வீட்டிலை ஆள் குறைஞ்சால் வரி குறையுமோ?"

"இல்லை ஐயா" என்றார். "வரி சுவருக்குத்தான். ஆளுக்கில்லை."